நேசரிக் காசு கட்ட வழியில்லை: அஸ்வெசும (வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதம் கொடுக்கிற உதவிப் பணம்) எடுப்பவர்களுக்கு ஏதும் சலுகை இருக்கிறதா?

செங்கலடித் தாய் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தரம் 3. இளையவனுக்கு வருகிற ஜனவரியில் நாலு வயது முடிகிறது, நேசரியில் (முன்பள்ளியில்) சேர்க்க வேண்டும். என் கணவர் மேசன் வேலைக்குப் போகிறவர். மாரி தொடங்கினால் கையில் வேலையே இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் நேசரிக் காசும் வருகிறது.

எங்கள் ஊர் நேசரியில் ஒரு துண்டு தந்தார்கள். சேர்வுக் காசு 6,000, மாதக் காசு 1,500. சீருடை இரண்டு சோடி அவர்களிடமே எடுக்க வேண்டுமாம், அதற்கு 4,200. பிறகு கலர் பெட்டி, கொப்பி, கோப்பு. அடியில் பேனையால் "கலைவிழா உடுப்பு வேறாக" என்று எழுதியிருக்கிறது. எங்களுக்கு அஸ்வெசும வறியவர் பிரிவில் மாதம் 10,000 வருகிறது. அது அரிசிக்கும் கரண்ட் பில்லுக்கும் மூத்தவளின் செலவுக்குமே காணாது.

பக்கத்து வீட்டு அக்கா, அஸ்வெசும எடுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நேசரிக்கென்று அரசாங்கம் 6,000 கொடுக்கிறது என்கிறா. பிரதேச செயலகக் கந்தோரில் போய்க் கேட்டால், இருந்தவர் நிமிர்ந்தும் பாராமல் "அப்படி ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார். எது உண்மை? நேசரிக்கு விடாவிட்டால் ஒன்றாம் ஆண்டுக்கு எடுக்க மாட்டார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடி ஐயா (பிரதேச செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்):

மகள், முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஒன்றாம் ஆண்டு அனுமதிக்கு முக்கியமாகப் பார்ப்பது வயதும் வதிவிடமும். ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். நேசரிச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. அதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. நேசரிக்குப் போன பிள்ளை ஒன்றாம் ஆண்டில் அழாமல் உட்காரும்.

அந்த 6,000 விஷயம்: அது 2025ஆம் கல்வியாண்டுக்கு எழுதுபொருள் வாங்கக் கொடுத்த காசு. அஸ்வெசும குடும்பங்களின் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உரியது, நேசரிக்கு இல்லை. உங்கள் மூத்த மகளுக்கு அது கிடைத்ததா? இல்லையென்றால் அதிபரிடம் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, 2015 அளவில் உலக வங்கிக் கடனில் தொடங்கிய முன்பிள்ளைப்பருவத் திட்டத்தில் வறிய பிள்ளைகளின் கட்டணத்துக்கு உதவி இருந்தது. அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்கிறார் போல.

இலங்கையில் இலவசக் கல்வி ஒன்றாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. முன்பள்ளி மாகாண சபையின் பொறுப்பு. கிழக்கில் அதற்கென்றே முன்பள்ளிக் கல்விப் பணியகம் இருக்கிறது. ஆனால் நேசரிகளை நடத்துவது பெரும்பாலும் ஊர்ச் சங்கம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், தொண்டு நிறுவனம், தனியார் என்று பல பேர். அதனால்தான் கட்டணமும் இடத்துக்கு இடம் வேறு.

கந்தோருக்குத் திரும்பவும் போங்கள். இந்த முறை முன் மேசையில் கேட்காமல், முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் எங்கே என்று கேட்டு அவரையே பாருங்கள். அவர் இல்லாவிட்டால் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அஸ்வெசும வருகிற வங்கிப் புத்தகம், நேசரியில் தந்த அந்தத் துண்டு மூன்றையும் கொண்டுபோங்கள். கட்டணம் குறைந்த நேசரி பக்கத்தில் எது, உதவி செய்கிற நிறுவனம் எது என்று அவர்களுக்குத் தெரியும். வேலை குறைந்துவிட்டது என்பதை அஸ்வெசும தகவல் புதுப்பிக்கும்போது மறக்காமல் சொல்லுங்கள். மிகவும் வறியவர் பிரிவுக்கு மாற்றினால் மாதம் 17,500.

திருக்கோவில் டீச்சர்:

தங்கச்சி, நான் நேசரியில் படிப்பிக்கிறேன். பெற்றோர் தருகிற மாதக் காசில்தான் எங்கள் சம்பளத்தின் பெரும்பகுதி வருகிறது. மாகாணத்தில் கிடைக்கிற கொடுப்பனவு சிறியது. அதனால் மாதக் காசை முழுதாக விடு என்று கேட்டால் டீச்சருக்கும் சங்கடம். ஆனால் சேர்வுக் காசையும் சீருடையையும் தாராளமாகப் பேசலாம். துணி வாங்கி வெளியில் தைக்கலாமா என்று கேளுங்கள். எங்களிடம் மேல் வகுப்புக்குப் போன பிள்ளைகளின் உடுப்பைத் துவைத்து மடித்துத் தருகிற தாய்மார் இருக்கிறார்கள், வாங்குவதில் ஒரு குறையும் இல்லை.

டீச்சரிடம் வாசலில் நின்று கேட்காமல் பெற்றோர் குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். கடிதம் இருந்தால் கூட்டத்தில் எடுத்துத்தான் ஆக வேண்டும். கலைவிழா உடுப்பு பற்றி எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது. ஐந்து நிமிட ஆட்டத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் கேட்பது கூலி வேலை செய்கிற வீட்டுக்குச் செய்கிற அநியாயம். வீட்டில் இருக்கிற பாவாடை சட்டையோடு ஆடினாலும் பிள்ளை பிள்ளைதான்.

அக்கரைப்பற்று ராத்தா:

ஒன்றைக் கேட்க மறக்க வேண்டாம், அந்த நேசரி பதிவு செய்ததா? பதிவில்லாத இடத்துக்கு அரசாங்கத்தின் காலைச் சாப்பாட்டுத் திட்டம் வராது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு 60 ரூபாயாக இருந்ததை 100 ஆக்கினார்கள். எங்கள் நேசரியில் தாய்மார் முறை வைத்துச் சமைக்கிறோம். ஒரு நாள் பயறு, ஒரு நாள் சோறும் முட்டையும் கீரையும். வீட்டில் கீரையைத் தொடாத என் மகன் அங்கே கூட்டாளிமாரோடு இருந்து வழித்துச் சாப்பிடுகிறான். கையில் காசாக வராவிட்டாலும் மாதம் முழுக்கப் பார்த்தால் அது பெரிய உதவி. பிள்ளை நிறை குறைவு என்றால் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் திரிபோஷா சத்துமாவும் கேளுங்கள், ஐந்து வயது வரை தருவார்கள்.

செங்கலடித் தாய்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. ஐயா சொன்ன உத்தியோகத்தரைப் பார்த்தேன். இருத்தி வைத்துப் பொறுமையாகக் கேட்டா. அந்த நேசரி பதிவில் இருக்கிறதாம், சாப்பாடும் உண்டு. டீச்சர் அக்கா சொன்னபடி கடிதமும் கொடுத்தேன். சேர்வுக் காசை மூன்று தவணையாகக் கட்டலாம், சீருடை வெளியில் தைக்கலாம் என்றார்கள். மாதக் காசு குறைப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்வார்களாம். மூத்தவளின் 6,000 பற்றி அதிபரிடம் இனித்தான் கேட்க வேண்டும். முதல் தவணை 2,000 திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். பற்றுச்சீட்டு ஏதும் வாங்க வேண்டுமா?

களுவாஞ்சிக்குடி ஐயா:

கட்டாயம் வாங்குங்கள் மகள். பிள்ளையின் பெயர், திகதி, "முதலாம் தவணை" என்ற சொல், நேசரியின் முத்திரை நாலும் அதில் இருக்க வேண்டும். குழுவின் முடிவையும் உங்கள் கடிதப் பிரதியின் அடியில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் குழு மாறினாலும் அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கும்.