அழிக்காமல் லினக்ஸ்

தம்பி: அக்கா, கல்லூரியில் லினக்ஸ் கேட்கிறார்கள். லேப்டாப்பில் விண்டோஸை அழித்துவிட்டு உபுண்டு என்கிற லினக்ஸைப் போடவா?

பெரியப்பா: அழிக்காதே!! குடும்ப போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது

அக்கா: எதையும் அழிக்க வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம்தான், அதைப் போடு. விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஆப் போல உபுண்டு ஓடும். ரேம் எவ்வளவு?

தம்பி: 8 ஜிபி

அக்கா: சமாளிக்கலாம். உபுண்டுவுக்கு 4 கொடு, அதற்கு மேல் போனால் விண்டோஸ் திணறும். டிஸ்க் 25 ஜிபி.

சித்தப்பா: டிஸ்க்கைப் பிரித்துத் தனி பார்ட்டிஷனில் போட்டால் இதைவிட வேகமாக ஓடுமே?

அக்கா: வேகம் அதில்தான் சித்தப்பா, மறுக்கவில்லை. ஆனால் மாறி மாறிப் போக ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட். பார்ட்டிஷன் பிரிக்கும்போது இவன் கை தவறினால் பெரியப்பா போட்டோவுக்கு நான் பொறுப்பில்லை.

பெரியப்பா: 😡 பார்ட்டிஷன் பேச்சே வேண்டாம்

தம்பி: போட்டுவிட்டேன். ஸ்டார்ட் கொடுத்தால் விடி-எக்ஸ் டிஸேபிள்ட் என்று எரர்

அக்கா: விடி-எக்ஸ் என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்ட ப்ராசஸர் தரும் வசதி. பயாஸில் போய் அதை ஆன் செய். இன்டெல் விர்ச்சுவலைசேஷன் என்றோ விடி-எக்ஸ் என்றோ இருக்கும். வேறு எதையும் தொடாதே.

சித்தி: பயாஸ் என்றால்?

சித்தப்பா: விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்னால் எழுந்து வாசல் தெளிக்கிற ஆள்

தம்பி: ஓடுகிறது!! ஆனால் ஊர்ந்து ஊர்ந்து

அக்கா: உபுண்டு விண்டோவில் கீழே ஓரமாக ஒரு பச்சை ஆமை தெரிகிறதா?

தம்பி: ஆமாம் 😂 விளையாட்டுக்குக் கேட்கிறாய் என்று நினைத்தேன்

அக்கா: நிஜம்தான். விடி-எக்ஸை ஆன் செய்ததும் விண்டோஸிலேயே இருக்கும் இதே மாதிரி வசதியான ஹைப்பர்-வி முந்திக்கொண்டு அதைப் பிடித்துவிட்டது. விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போகிறது, அதனால்தான் இந்த மந்தம். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டிலும் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய். அதற்குப் பிறகும் ஆமை போகவில்லை என்றால் மெமரி இன்டெக்ரிட்டி காரணமாக இருக்கலாம். அது பாதுகாப்பு விஷயம், என்னிடம் கேட்காமல் அணைக்காதே.

பெரியப்பா: உபுண்டுவில் ஏதாவது கெட்டால் என் போட்டோ?

அக்கா: அவன் இரண்டுக்கும் பொதுவாக ஷேர்டு ஃபோல்டர் கொடுக்காத வரை உபுண்டுவுக்கு உங்கள் போட்டோ கண்ணிலேயே படாது பெரியப்பா. ஆனாலும் ஒரு காப்பி வெளியே பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.
அப்புறம் தம்பி, எல்லாம் சரியானதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடு. எதையாவது சொதப்பினால் அந்த நிலைக்கே திரும்பலாம். அதையே பேக்கப் என்று நம்பாதே, அதுவும் அதே டிஸ்கில்தான் கிடக்கும்.

தம்பி: ஆமை போச்சு! ஆனால் மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறது

அக்கா: வலது பக்க கன்ட்ரோல் கீயை ஒரு தட்டு தட்டு

தம்பி: 👍 வந்துவிட்டது