மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை போய் அன்றைக்கே திரும்ப: தை (ஜனவரி) மாதத்தில் வாகரை ரோட்டு சரியா?

வாவிக்கரை எழுதியது:

தைப்பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை டவுனிலிருந்து வெளிக்கிட்டு, திருகோணமலை போய், அன்றைக்கே வீடு திரும்பணும். கார் 2017 வேகன் ஆர், ஜப்பான், ஹைபிரிட். நாலு பெரியாக்கள், நாலு வயசுப் பிள்ளை ஒன்று. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கோணேசர் கோயில் கட்டாயம், நேரமிருந்தா கன்னியா சுடுதண்ணிக் கிணறு. நிலாவெளி, புறாத்தீவு ஒன்றும் வேணாம்.

வாகரை, வெருகல், மூதூர் வழியா ஏ15ல போறதா, ஹபரணை சுத்திப் போறதா? எத்தனை மணிக்கு வெளிக்கிட்டா சரி? ராவில திரும்பலாமா? பெற்றோல் எங்க அடிக்கிறது? காரில எதைப் பார்த்துக்கொள்ளணும்? ஊருக்குள்ளதான் இதுவரைக்கும் ஓட்டியிருக்கு, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

பழையபாலம் எழுதியது:

ஏ15லயே போங்க. ஒரு பக்கம் 135 கிலோமீற்றர் அளவு. ஹபரணை சுத்தினா இருநூறைத் தாண்டும், ஒரே நாளில போய் வாற கணக்குக்கு அது ஒத்துவராது. பாலங்கள் இல்லாத காலத்தில பாதைப்படகுக்குக் காத்து நிற்கிறதை விட ஹபரணை லேசு எண்டு ஆக்கள் சுத்தினது. 2009ல கிண்ணியாப் பாலம் திறந்து, பிறகு மற்றப் பாலங்களும் முடிஞ்ச பிறகு அந்தக் கதை இல்லை. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், பிள்ளைக்குக் காட்ட நல்லா இருக்கும். பாலத்தில நிப்பாட்ட வேணாம், கடந்து ஓரம் கட்டுங்க.

நேரத்தைக் காலையிலிருந்து போடாதீங்க, பின்னேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்க. தையில 6 மணியளவில பொழுது படும். திருகோணமலை ரோட்டு பிரியிற நாவலடிச் சந்தியை 5:30க்கு முதல் பிடிச்சா மிச்சம் முழுக்க ஊர்மனை: ஓட்டமாவடி, வாழைச்சேனை, கிரான், சித்தாண்டி, செங்கலடி, ஏறாவூர், லைட் வெளிச்சம் இருக்கும், கடை இருக்கும். நாவலடிக்கு அங்கால சேருநுவர வரைக்கும்தான் இருட்டில அகப்படக் கூடாத துண்டு. திருகோணமலையிலிருந்து நாவலடி நூறு கிலோமீற்றர் அளவு. கிண்ணியா, மூதூர் நெரிசலோட சராசரி 45தான் வரும் எண்டு வைங்க, ரெண்டேகால் மணித்தியாலம். அப்ப 3 மணிக்கு அங்க வெளிக்கிடணும். நேரம் பிந்துதெண்டா கன்னியாவை விட்டிடுங்க, வீட்டுக்குத் திரும்புங்க.

காலையில 5:30க்கு வெளிக்கிடுங்க. 6:15 அளவில விடியும், நாவலடி திரும்பி ஒதுக்குப்புறம் தொடங்கிற நேரம் வெளிச்சம் வந்திடும். அதுக்கு முந்தி வெளிக்கிட்டு ஒரு லாபமும் இல்லை, வாகரைப் பக்கம் யானை கடற்கரைப் பக்கத்திலிருந்து காட்டுக்குத் திரும்புற நேரத்தில போய் மாட்டுவீங்க.

நாவலடியில கவனம். நேரே போனா பொலன்னறுவை, ஹபரணை, கொழும்பு ரோட்டு. திருகோணமலைக்கு வலப்பக்கம் திரும்பணும். விடியக்காலம் முன்னுக்குப் போற கொழும்பு பஸ்ஸுக்குப் பின்னால பேசாம போய், புணாணையில வச்சுத்தான் விளங்குற ஆக்கள் இருக்காங்க.

பெற்றோல் ஓட்டமாவடிக்குள்ளயே நிரப்பிடுங்க. உங்கட காருக்குத் டாங்கி 27 லீற்றர். ஆள் நிறைய, ஏசியோட லீற்றருக்கு 18 எண்டு குறைச்சே கணக்குப் போட்டாலும் போக வர, உள்ளூர் ஓட்டத்தோட 300 கிலோமீற்றருக்கு 17 லீற்றர். ஒரு டாங்கி போதும். ஆனா ரோட்டு அடைச்சு வேற வழி சுத்த வேண்டி வந்தா அந்த மிச்சம் 10 லீற்றர்தான் கைகொடுக்கும், அதால பாதி டாங்கியோட வெளிக்கிட்டு அங்க அடிக்கலாம் எண்டு நினைக்காதீங்க.

வேகம்: காருக்கு ஊர்மனைக்குள்ள 50, வெளியில 70. ரோட்டு நேரா, காப்பெட் (தார்) நல்லா இருக்கிறதால கால் தானா அமத்தும். ஸ்பீட் கன்னோட பொலிஸ் நிற்கிறது பெரும்பாலும் வெளி முடிஞ்சு ஊர் தொடங்கிற இடத்தில. லைசன், இன்சூரன்ஸ் கார்ட், வாகன வருமான அனுமதிப் பத்திரம் மூன்றும் கைக்கெட்டுற இடத்தில இருக்கட்டும்.

சனிக்கிழமை எடுத்தது நல்லது. வெள்ளியெண்டா ஜும்மா நேரத்தில ஏறாவூர், ஓட்டமாவடி, மூதூர், கிண்ணியா நாலு இடத்திலயும் ரோட்டோரம் முழுக்க மோட்டார்சைக்கிளா இருக்கும்.

ரயர்_கடைச்சந்தி எழுதியது:

பாதையைப் பத்தி அண்ணன் சொல்லிட்டார். கார் விசயத்தில ரெண்டு மூணு.

முதல்ல ஆள் கணக்கு. ஜப்பான் வேகன் ஆர் 4 பேருக்கான கார், பின் சீட்டில பெல்ட்டும் ரெண்டுதான் இருக்கும். பதிவுப் புத்தகத்தை எடுத்து ஆசன எண்ணிக்கையைப் பாருங்க. நாலு பெரியாக்களோட பிள்ளை அஞ்சாவது. ஊருக்குள்ள எல்லாரும் போறதுதான், ஆனா 270 கிலோமீற்றர் ஓட்டத்தில ஒரு சின்னத் தட்டுப்பட்டாலும் இன்சூரன்ஸ்காரன் கேள்வி கேட்பான், அதை விடப் பெரிசு பிள்ளைக்குப் பெல்ட் இல்லை. மடியில வச்சுக்கொண்டு முன் சீட்டில இருக்கிறது அதிலயும் மோசம், எயார்பேக் வெடிச்சா பிள்ளைக்குத்தான் முதல் அடி. ஒரு பெரியாள் பஸ்ஸில வரட்டும், இல்லாட்டி வேற வாகனம் பாருங்க.

ரெண்டாவது, பூட்டின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்க. இந்தக் காருக்கு ஸ்பெயார் வீல் வராது. சின்னக் காத்தடிக்கிற மோட்டாரும் பசைப் போத்தலும்தான் இருக்கும். போத்தலில திகதி அடிச்சிருப்பான், 2017 காரில அது எப்பவோ முடிஞ்சிருக்கும். பசை ஆணி குத்தின ஓட்டைக்குத்தான். ரயரின் பக்கவாட்டுக் கிழிஞ்சா அதால ஒன்றும் செய்யேலாது, அதோட பசை ஊத்தின ரயரை ஒட்டுப்போடக் கடைக்காரனும் முகம் சுழிப்பான். பழைய சாமான் கடையில 155/65 ஆர்14 ரயரோட ரிம் ஒன்று வாங்குங்க, 4 நட், 100 மில்லிமீற்றர் இடைவெளி. கூடவே ஜக், நட் கழட்டுற சாவி. வாங்கினதும் வீட்டு முத்தத்தில ஒருக்கா மாட்டிப் பாருங்க. ஓட்டமாவடி தாண்டினா மூதூர் வரைக்கும் ரயர்க் கடை திறந்திருக்கும் எண்டு நம்பி ஓடேலாது.

காத்து: கதவைத் திறந்தா ஓட்டுநர் பக்கத் தூணில ஒட்டியிருக்கிற அளவுதான். விடியக்காலம், கார் ஓடாம ஆறியிருக்கக்க அடிக்கணும். தூரப் பயணம் எண்டு குறைச்சு விடுற பழக்கம் பிழை. காத்துக் குறைஞ்ச ரயர் ஒவ்வொரு சுத்துக்கும் கூட மடிஞ்சு விரியும், அந்த மடிப்பில சூடு ஏறும், பாரத்தோட 70ல மணிக்கணக்கா ஓடினா பக்கவாட்டுத்தான் முதல் போகும். ரயரின் பூ, அதாவது காடியின் ஆழம், எவ்வளவு இருக்கெண்டும் பாருங்க. 1.6 மில்லிமீற்றர் எல்லை எண்டாலும் 3க்குக் கீழ போயிருந்தா மழைக்கு மாத்துறதுதான் புத்தி, தண்ணியை ஒதுக்கக் காடி இல்லாட்டி கார் தண்ணிக்கு மேல வழுக்கும், ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகும். அப்பிடி லேசானா பிறேக் அமத்தாதீங்க, அக்சிலேற்றரை மட்டும் விடுங்க.

வைப்பர் ரப்பர் மாத்துங்க. நம்மட உப்புக் காத்துக்கும் வெயிலுக்கும் ஒரு வருசத்தில காய்ஞ்சிடும்.

பாலங்களில ரெண்டு விசயம். பாலம் தூணில நிற்குது, அசையாது. பாலத்துக்கு ஏறுற மண் அணை மெதுவா இறங்கும். அதால பாலம் தொடங்கிற இடத்திலயும் முடியிற இடத்திலயும் ஒரு படி மாதிரித் தட்டும். ஆள் நிறைஞ்ச வேகன் ஆர் 70ல அதில ஏறினா அடி தட்டும், 50க்கு இறக்கிட்டு ஏறுங்க. மற்றது காத்து. பனிச்சங்கேணி, கிண்ணியா மாதிரி வெளியில நிற்கிற பாலத்தில தை மாத வாடைக் காத்து பக்கத்தால அடிக்கும். இது உயரமான, 800 கிலோவும் இல்லாத கார். ரெண்டு கையும் ஸ்டியரிங்கில இருக்கட்டும், எதிரே லொறி கடக்கிற நேரம் காத்து ஒருக்கா நிற்கும், கடந்ததும் திரும்ப அடிக்கும்.

மூதூர்க்காத்து எழுதியது:

தண்ணியைப் பத்தி ஆரும் சொல்லல்ல, தை மாதத்தில அதுதான் பெரிய விசயம்.

வெருகல் ஆறும் மூதூர்ப் பக்கக் கங்கையும் மகாவலியின் கிளைகள். மட்டக்களப்பில வானம் வெளிச்சா இருக்கெண்டு வெளிக்கிடாதீங்க. மேல கண்டி, பதுளைப் பக்கம் பெய்த மழை பொலன்னறுவைப் பக்கத்து மன்னம்பிட்டியால இறங்கி இங்க வர நேரம் எடுக்கும். அங்க மழை விட்ட பிறகுதான் இங்க ரோட்டில ஏறும். அதால வெள்ளிக்கிழமை பின்னேரம் நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடுற ஆத்து மட்டத்தில மன்னம்பிட்டியைப் பாருங்க. ஏறிக்கொண்டு போகுதெண்டா பயணத்தை அடுத்த கிழமைக்குத் தள்ளுங்க. ரோட்டு நிலவரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

போயிட்டுத் திரும்பக்க மூதூர், கிண்ணியாப் பக்கம் அடைபட்டா திருகோணமலையிலிருந்து ஏ6ல கந்தளாய் வந்து, அல்லை கந்தளாய் ரோட்டால சேருநுவர வரலாம். ஆனா அது தூரம், யானையும் உண்டு, பகலில மட்டும். சேருநுவரக்கும் வெருகலுக்கும் இடையில தண்ணி எண்டா அதாலயும் பிரயோசனம் இல்லை, அப்ப திருகோணமலையில ராத் தங்குறதுதான். அதுக்காக மாத்துடுப்பும் அம்மாட மருந்தும் ஒரு நாளைக்குக் கூட எடுங்க.

ரோட்டில தண்ணி ஓடினா இறங்க வேணாம். முன்னால பஸ் போகுது, நாமளும் போவம் எண்டுறதுதான் ஆளை விழுத்துற எண்ணம். கணக்கைப் பாருங்க: உங்கட கார் 3.4 மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றருக்குக் கொஞ்சம் குறைய அகலம், அடிப்பரப்பு 5 சதுர மீற்றர். தட்டுக்கு மேல ஒவ்வொரு 10 சென்ரிமீற்றர் தண்ணியும் 500 கிலோவைத் தூக்கும். காரும் ஆக்களும் சேர்ந்து 1,100 கிலோ. தட்டு நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர். அப்ப நிலத்திலிருந்து ஒன்றேகால் அடித் தண்ணியில கார் மிதக்கும், அதுக்கு முந்தியே ரயருக்குப் பிடி போயிடும். ஓடுற தண்ணியெண்டா இன்னும் கெதியா. 2024 நவம்பரில காரைதீவு அம்பாறை ரோட்டில மாவடிப்பள்ளியில வெள்ளம் இழுத்தது உழவு மெசினை. அதோட பார்க்க வேகன் ஆர் எம்மாத்திரம்.

நிற்கிற தண்ணி, அடி தெரியுது, கணுக்காலுக்குக் கீழ எண்டா முதல் கியர் வேகத்தில, நிப்பாட்டாம, அலை எழுப்பாமப் போகலாம். தாண்டினதும் பிறேக்கை மெதுவா ரெண்டு மூணு தரம் அமத்திக் காய வையுங்க. ஹைபிரிட்டுக்கு இன்னொன்று, லிதியம் பற்றரி முன் பயணி சீட்டுக்கு அடியில இருக்கு. உள்ளுக்குத் தண்ணி வந்தா திருத்தச் செலவு கார் விலையோட பேசும். வெயில் நாளிலயும் அந்தச் சீட்டுக்கு அடியில பை, செருப்பு திணிக்காதீங்க.

வாவிக்கரை எழுதியது:

ஆள் கணக்கு எனக்குத் தெரியாது, புத்தகத்தைப் பார்த்தன், நாலு எண்டுதான் இருக்கு. தம்பி பஸ்ஸில வாறானாம். யானை நிண்டா என்ன செய்யிறது? கோயிலில அம்மா நடக்க வேண்டி வருமா?

பழையபாலம் எழுதியது:

யானை ரோட்டில நிண்டா தூரத்திலயே நிப்பாட்டுங்க, கிட்டப் போய்ப் பார்க்கிறது வேணாம். லைட்டை டிம்மில விடுங்க, ஹோர்ன் அடிக்காதீங்க, எஞ்சினை நிப்பாட்டாதீங்க. பின்னுக்கு வாகனம் வந்து ஒட்டிக்கொண்டு நிண்டா பின்வாங்க இடமில்லாமப் போகும், அதால ஹசார்ட் லைட்டைப் போட்டு பின்னால வாறவனை முதல்ல மறிங்க. காது விரிச்சு தலையை உயர்த்தினா றிவேர்ஸ். பழம் எறியிறதை ஆரும் செய்ய விடாதீங்க, அப்பிடிப் பழகினதுதான் பிறகு வாகனத்துக் கண்ணாடிக்குள்ள தும்பிக்கை விடுறது. வனசீவராசிகள் திணைக்களத்து நம்பர் 1992. அம்புலன்ஸ் 1990.

உண்மையில யானையை விட மாடுதான் கூடக் கரைச்சல். மழைக்காலத்தில வயலும் வெளியும் ஈரம், காப்பெட் காய்ஞ்சு சூடா இருக்கும், மாடு ரோட்டில வந்து படுக்கும். எருமை எண்டா இருட்டில லைட்டுக்குக் கண் மட்டும்தான் தெரியும். ஒரு மாடு கடந்தா ரெண்டாவதும் வரும் எண்டு நினைச்சுப் பிறேக்கில கால் வையுங்க. பின்லைட் இல்லாத உழவு மெசினும் பெட்டியும் அப்பிடித்தான்.

கோயிலுக்குப் பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து ஏத்தம். முழங்கால் வருத்தக்காரருக்கு நடக்கச் சொல்லாதீங்க, ஓட்டோ பேசிக்கொண்டு ஏத்துங்க. மத்தியானம் நடை சாத்துறதால கோயிலை முதல் முடிங்க, பிறகு சாப்பாடு. கன்னியா அநுராதபுர ரோட்டுப் பக்கம், திரும்புற வழியில இல்லை. போய் வர, குளிக்க ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். 12:30க்குள்ள சாப்பிட்டு முடிஞ்சா போங்க.

ரயர்_கடைச்சந்தி எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. ஸ்பெயார் வீல் வாங்கினா பூட்டில சும்மா போடாதீங்க, அசையாமக் கயிறு போட்டுக் கட்டுங்க. மாத்தினா நட்டை 50 கிலோமீற்றர் ஓடின பிறகு திரும்ப ஒருக்கா இறுக்குங்க, வாகரைக்குக் கிட்ட மாத்தினா மூதூரில.