இடியோபோன்: கஞ்சக்கருவி போதுமா, மேனிக்கருவி எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

இசைக்கருவி வகைப்பாட்டின் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்குவதில் மெம்பிரனோபோனுக்குத் தோற்கருவி, கார்டோபோனுக்கு நரம்புக்கருவி, ஏரோபோனுக்குத் துளைக்கருவி அல்லது காற்றுக்கருவி என்பதில் பெரிய பிணக்கு இல்லை. இடியோபோனில்தான் நம் விவாத இழை சிக்கி நிற்கிறது. இதுவரை வந்த முன்மொழிவுகள்: கஞ்சக்கருவி, கனக்கருவி, தானொலிக் கருவி, உடற்கருவி, மெய்க்கருவி. என் முன்மொழிவு மேனிக்கருவி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சொல்லை முடிவு செய்யும் முன் இந்த வகைக்குள் என்னென்ன கருவிகள் வருகின்றன என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் வரையறை. ஒரு கருவியில் இழுத்துக் கட்டிய தோல் இல்லை, இழுத்துக் கட்டிய கம்பி இல்லை, ஊதிய காற்றும் ஒலிக்கவில்லை, கருவியின் சொந்த உடலே அதிர்ந்து ஒலிக்கிறது என்றால் அது இடியோபோன். தாளம், சேகண்டி, சலங்கை, கோலாட்டக் கழி, கடம் எல்லாம் இதில் அடங்கும். ஜலதரங்கமும் இதில்தான் வரும். பெயரில் நீர் இருந்தாலும் ஒலிப்பது பீங்கான் கிண்ணம். நீரின் அளவு அதன் சுருதியை மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். நெல்லையப்பர் கோயிலிலும் சுசீந்திரத்திலும் தட்டினால் இசைக்கும் கல்தூண்கள் இருக்கின்றனவே, அவையும் இந்த வகைதான். 1949-ல் வியட்நாமின் மலைப்பகுதியில் சாலைப் பணியின்போது மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பழங்காலக் கல்லிசைப் பலகைகளும் அப்படியே.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே கஞ்சக்கருவி என்ற சொல்லின் இடர் தெரிந்துவிடும். கஞ்சம் என்றால் வெண்கலம். தாளத்துக்கும் சேகண்டிக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. கடம் மண். கழி மரம். தூண் கல். இவற்றையெல்லாம் கஞ்சக்கருவி என்று ஒரு மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தால், சொல்லையும் கொடுத்து, "ஆனால் வெண்கலமாக இருக்க வேண்டியதில்லை" என்ற விளக்கத்தையும் கூடவே கொடுக்க வேண்டியிருக்கும்.

இதற்கு ஓர் அன்பர் நல்ல மறுப்பு எழுதியிருந்தார். எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று கடலை எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் அது விரியவில்லையா? நரம்பு என்பதும் ஒரு பொருள்தானே, இன்று எஃகுக் கம்பிக்கும் நைலானுக்கும் நரம்புக்கருவி என்றுதானே சொல்கிறோம்? அதேபோல் கஞ்சமும் விரியட்டும் என்றார். இந்த மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தோலுக்கும் இதே கதைதான். 1950களின் பிற்பகுதியிலிருந்து மேளங்களுக்குப் பாலியெஸ்டர் படலம் போடுகிறார்கள். அவற்றையும் நாம் தோற்கருவி என்றே சொல்கிறோம், சொல்லவும் வேண்டும்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. எஃகுக் கம்பி, முன்பு நரம்பு இருந்த அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. பாலியெஸ்டர் படலம், தோல் இருந்த அதே வாயில் வந்து மூடியது. பொருள் மாறினாலும் உறுப்பு மாறவில்லை. எனவே நரம்பும் தோலும் பொருட்பெயராகப் பிறந்து உறுப்புப் பெயராக நிலைத்துவிட்டன. கஞ்சம் எந்த உறுப்பின் பெயரும் இல்லை. கடம் ஒருநாளும் வெண்கலத்தில் இருந்து மண்ணுக்கு மாறியதில்லை. அது எப்போதும் மண்தான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை என்று நீண்டு செல்லும் தோற்கருவிப் பட்டியலில் குடமுழாவையும் சேர்க்கிறார். குடமுழா என்றே சொல்லப்படும் திருவாரூர்க் கோயிலின் ஐம்முக முழவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உடல் முழுக்க உலோகம், ஐந்து வாய்களிலும் தோல். கருவி எதனால் செய்யப்பட்டது என்று பார்த்திருந்தால் அதைக் கஞ்சக்கருவிப் பக்கம் தள்ளியிருக்க வேண்டும். நம் மரபு அப்படிச் செய்யவில்லை. எது ஒலிக்கிறது என்று பார்த்துத் தோலின் பக்கம் வைத்தது. அந்த அளவுகோலை நான்காவது வகைக்கும் நீட்டச் சொல்கிறேன், புதிதாக எதையும் புகுத்தவில்லை.

உலக வகைப்பாட்டின் கதையும் இதற்கு அருகில்தான் ஓடுகிறது. வங்காளத்தின் இசையறிஞர் சௌரீந்திர மோகன் தாகூர் 1876 வாக்கில் ஏறத்தாழ நூறு இந்திய இசைக்கருவிகளைப் பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு அனுப்பினார். அவை பிரஸ்ஸல்ஸ் இசைப்பள்ளியின் அருங்காட்சியகத்துக்குப் போயின. அதன் காப்பாளர் விக்டர் சார்ல்ஸ் மஹியோன். அதுவரை ஐரோப்பியர் நரம்பு, காற்று, தட்டு என்று மூன்றாகத்தான் பிரித்துப் பழகியிருந்தார்கள். மத்தளமும் மணியும் ஒரே "தட்டு" வகையில் கிடந்தன. நாட்டிய சாஸ்திரத்தின் ததம் (நரம்பு), அவநத்தம் (தோல்), கனம் (உடலே ஒலிப்பது), சுஷிரம் (துளை) என்ற நான்கு வகைகள் மஹியோனுக்கு வழி காட்டின என்று கருவி வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1880-ல் அவர் வெளியிடத் தொடங்கிய அட்டவணையில் நான்கு வகைகள் இருந்தன. 1914-ல் இசை ஆய்வாளர்கள் எரிக் வான் ஹார்ன்பாஸ்டலும் கர்ட் சாக்ஸும் அதை எடுத்து எண்களோடு கூடிய பெரிய கட்டமைப்பாக விரித்தார்கள். இன்று உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பயன்படுத்துவது இதன் வழிவந்ததுதான்.

இந்த இடத்தில் "தானொலிக் கருவி" முன்மொழிந்தவர்களுக்கு ஒரு செய்தி. மஹியோன் இந்த வகைக்கு வைத்த பெயர் ஆட்டோபோன், அதாவது தானே ஒலிப்பது. ஹார்ன்பாஸ்டலும் சாக்ஸும் அதை மாற்றி இடியோபோன் என்று வைத்தார்கள். தானாக இயங்கும் கருவிகளோடு குழம்பிவிடும் என்பதுதான் காரணம். சாவி கொடுத்தால் பாடும் இசைப்பெட்டி, துளையிட்ட காகிதச் சுருளைப் படித்துத் தானே வாசிக்கும் பியானோ எல்லாம் அப்போது பரவலாக இருந்தன. தமிழிலும் இதே குழப்பம் வரும். தானொலி என்றதும் ஆள் தொடாமல் ஒலிப்பது என்றுதான் யாருக்கும் தோன்றும். நூறு ஆண்டுகளுக்கு முன்பே கழித்துக்கட்டிய சிக்கலை நாம் மறுபடி உள்ளே அழைக்க வேண்டாம்.

கனக்கருவி வடமொழிக் "கன" என்பதன் நேரடி வடிவம். மரபுப் பின்புலம் வலுவானது. ஆனால் தமிழில் கனம் என்றால் எடை. சலங்கையைக் கனக்கருவி என்று படிப்பவர் என்ன நினைப்பார்? உடற்கருவி என்ற சொல் நம்மைக் கைதட்டல், தொடைதட்டல் என்று மனித உடலைக் கொண்டு எழுப்பும் தாளத்துக்கு இழுக்கும். அந்தத் தாளத்துக்கும் நமக்கு ஒரு சொல் தேவைப்படும். அதற்காக இதை விட்டுவைக்கலாம். மெய்க்கருவி ஒரு காலத்தில் எனக்கும் பிடித்திருந்த சொல். இப்போது கணினிக்குள் மென்பொருளாக இருக்கும் இசைக்கருவிகளை மெய்நிகர் கருவி என்று எழுதுகிறோம். பக்கத்தில் மெய்க்கருவி வந்தால் "நிஜமான கருவி" என்று பொருள்பட்டுவிடும்.

சரி, மேனிக்கு வருகிறேன்.

மேனி என்றால் மனித உடம்பு, அதுவும் தோலின் நிறம் அல்லவா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பொருள் இருக்கிறது. ஆனால் கோயில் படிமத்தைத் திருமேனி என்கிறோம். ஐம்பொன்னில் வார்த்தாலும் திருமேனிதான், கல்லில் வடித்தாலும் திருமேனிதான், மரத்தில் செதுக்கினாலும் சுதையில் செய்தாலும் திருமேனிதான். செய்பொருள் எதுவானாலும் அந்த உருவின் முழு உடலைக் குறிக்க இப்படியொரு சொல் ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது. நமக்கு வேண்டியது இதுவேதான். தோல், நரம்பு, துளை, மேனி என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலும் ஒரே ஓட்டத்தில் நிற்கிறது.

இனி, சொல்லைக் கடினமான கருவிகளில் வைத்துச் சோதிக்க வேண்டும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டிரினிடாட்டின் ஸ்டீல்பேன். 1880களில் அங்கே ஆண்ட பிரிட்டிஷ் அரசு மேளம் கொட்டுவதற்குத் தடை போட்டது. ஆப்பிரிக்க வழிவந்த மக்கள் மூங்கில் குழாய்களைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். டாம்பூ பாம்பூ என்று அதற்குப் பெயர். 1930களில் பிஸ்கட் டின், குப்பைத்தொட்டி மூடி, வண்டியின் பிரேக் டிரம் என்று உலோகம் புகுந்தது. பிறகு எண்ணெய்ப் பீப்பாய். பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியலால் சீராக அடித்து அடித்துக் கிண்ணம்போல் உள்ளே இறக்குவார்கள். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வட்டம் குறித்து, அதன் விளிம்பைப் பதித்துப் பிரிப்பார்கள். பீப்பாயின் பக்கச் சுவரைத் தேவையான உயரத்தில் வெட்டி, நெருப்பில் காட்டி, மறுபடி சிறு சுத்தியலால் மேலும் கீழும் தட்டிச் சுருதி சேர்ப்பார்கள். உயர்ந்த சுரத்துக்குச் சின்ன வட்டம், தாழ்ந்ததற்குப் பெரிய வட்டம். ரப்பர் நுனி வைத்த குச்சியால் வாசிக்கிறார்கள். 1951-ல் டிரினிடாட் குழு ஒன்று லண்டனில் பிரிட்டன் விழாவில் வாசித்தபோது அங்கிருந்தவர்கள் எண்ணெய்ப் பீப்பாயில் இத்தனை சுரமா என்று வியந்தார்கள். 1992-ல் அது நாட்டின் தேசிய இசைக்கருவி ஆனது.

இதைத் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் "எஃகு முரசு" என்றோ "ஸ்டீல் டிரம்" என்றோ எழுதிவிடுகிறார்கள். முரசு என்றால் தோல் இருக்க வேண்டும். இதில் தோலே கிடையாது. தோல்மேளம் தடை செய்யப்பட்ட இடத்தில் பிறந்த கருவிக்கு முரசு என்று பெயர் வைப்பது அதன் வரலாற்றையே மறைத்துவிடுகிறது. மேனிக்கருவி என்று வகை சொன்னால் குழப்பம் இல்லை. கஞ்சக்கருவி என்றால் எஃகு எங்கே, வெண்கலம் எங்கே?

அடுத்தது நமக்கு நெருக்கமானது. 2000-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹேங் என்ற கருவி உருவானது. ஸ்டீல்பேன் செய்துகொண்டிருந்தவர்களிடம், கடம் வாசிக்கும் சுவிஸ் தாளக் கலைஞர் ஒருவர், கடம்போல் கையால் வாசிக்கும்படி, ஆனால் சுரங்களோடு ஒன்று வேண்டும் என்று கேட்டதிலிருந்து அது பிறந்தது. இன்று ஹேண்ட்பேன் என்ற பெயரில் தெருவோரக் கலைஞர்களின் மடியிலெல்லாம் இருப்பது இதன் வழித்தோன்றல்தான். மண்ணில் ஒன்று, எஃகில் ஒன்று, இரண்டும் ஒரே குடும்பம். செய்பொருளை வைத்துப் பெயரிட்டால் இந்த உறவை எப்படிச் சொல்வது?

சோதிக்க இன்னும் இரண்டு: பெரு நாட்டின் கஹோன் மரப்பெட்டி, ஜிம்பாப்வேயின் எம்பிரா மரப்பலகையில் பொருத்திய இரும்பு நாக்குகள். எம்பிராவைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1970களில் அந்நாட்டுப் பாடகர் தாமஸ் மாப்ஃபுமோவும் அவரோடு இருந்தவர்களும் எம்பிராவின் பின்னல் மெட்டுகளை அப்படியே மின்கிதாருக்குக் கொண்டுபோனார்கள். சிமுரெங்கா என்ற விடுதலைப் போராட்ட இசை அதில் வளர்ந்தது. கம்பியை உள்ளங்கையால் லேசாக அமுக்கிக்கொண்டு மீட்டினால் இரும்பு நாக்கைக் கட்டைவிரலால் தெறிக்கும் ஓசைக்குப் பக்கத்தில் வரும். மேனிக்கருவியின் இசை நரம்புக்கருவிக்கு மாறியது என்று இனி ஒரே வரியில் தமிழில் எழுதலாம்.

எல்லைக் கருவிகளும் உண்டு. கஞ்சிராவில் தோலும் இருக்கிறது, சில்லும் இருக்கிறது. முதன்மையாகத் தோற்கருவி, துணையாக மேனி என்று இரண்டையும் குறித்துவிடலாம். இன்னும் நுட்பமானது குடம். கச்சேரியில் கடத்தின் பக்கவாட்டில் விரலால் தட்டும்போது ஒலிப்பது மண்சுவர். வில்லுப்பாட்டில் குடத்தின் வாயை மட்டைபோன்ற ஒன்றால் அறையும்போது ஆழ்ந்த ஒலி எழுப்புவது உள்ளே அடைபட்ட காற்று. அப்போது அது காற்றுக்கருவியின் பக்கம் சாய்கிறது. வாசிக்கும் முறையையும் பார்த்தே வகை சொல்ல வேண்டும் என்பதை வரையறைக் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.

உட்பிரிவுகளுக்கு வினையடியே போதும். தாளமும் கோலாட்டக் கழியும் மோதுவகை. கடம், சேகண்டி, ஸ்டீல்பேன் தட்டுவகை. சலங்கை குலுக்குவகை. கியூபாவின் குய்ரோ சுரண்டுவகை. எம்பிராவும் மோர்சிங்கும் தெறிவகை. ஈர விரலால் தேய்த்து ஒலிக்கும் கண்ணாடிக் கிண்ணங்கள் உரசுவகை. கஞ்சக்கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வெண்கல மேனிக்கருவிகளுக்கு மட்டும் அது உரிய பெயராக இருக்கட்டும். தாளம், சேமக்கலம், ஜாவாவின் கேமலான் இசைக்குழுவில் உள்ள வட்டில்கள் எல்லாம் அதில் சேரும். பழைய பாடநூல்களில் படித்தவர்களுக்கும் தொடர்ச்சி அறுபடாது.

மோர்சிங் ஒன்று மட்டும் எனக்கு இன்னும் இடிக்கிறது. அதிர்வது இரும்பு நாக்குதான். ஆனால் தாளச் சொற்கட்டுகளை வேறுபடுத்திக் காட்டுவது வாசிப்பவரின் வாயறையும் மூச்சும். ஹார்ன்பாஸ்டல், சாக்ஸ் அதைத் தெறிவகையில் வைத்தார்கள். காற்றுக்கருவி என்று வாதிட்டவர்களும் உண்டு. குழுவில் மோர்சிங் வாசிப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். மேனிக்கருவிக்கு வேறு மறுப்பு இருந்தாலும் இந்த இழையிலேயே சொல்லுங்கள். துளைக்கருவியா காற்றுக்கருவியா என்பதைத் தனி இழையில் பேசலாம். விரல் வைக்கும் துளைகளே இல்லாத ஆர்மோனியத்தையும் சங்கையும் வைத்துத் தொடங்கினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்.