குரல் கேட்பது நின்றுவிட்டது, மூன்று டீ ஆர்டர் நினைவில் நிற்கவில்லை

கேள்வி (தேனி அக்கா):
தம்பிக்கு 27 வயது. ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு (மனச்சிதைவு நோய்) நான்கு வருடமாக அரசு மருத்துவமனை மாத்திரை. காதில் குரல் கேட்பது நின்று இரண்டு வருடமாகிறது. சரி என்று சித்தப்பாவின் டீக்கடையில் நிறுத்தினோம். இரண்டு ஸ்ட்ராங், ஒன்று சர்க்கரை இல்லாமல் என்று சொன்னால் அடுப்படிக்குப் போவதற்குள் மறந்துவிடுகிறான். பதினோராம் நாள் போகவே மாட்டேன் என்றுவிட்டான். வீட்டில் சோம்பேறிப் பட்டம். ஓபியில் சொன்னால், "தூங்குறானா, சாப்பிடுறானா?" என்று கேட்டுவிட்டுச் சீட்டு எழுதிவிடுகிறார்கள். பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மூளைக்குப் பயிற்சி தருகிற போன் ஆப் ஏதாவது வாங்கலாமா?

பதில் (ஒரு அப்பா):
காசை வீணாக்காதீர்கள் அம்மா. என் மகளுக்கு வாங்கினேன். ஆட்டத்தில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். வங்கிச் சலான் நிரப்பத்தான் இன்னும் திணறுகிறாள்.

பதில் (மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை பார்ப்பவர்):
அது சோம்பல் இல்லை அக்கா. கவனமும் நினைவும் குறைவது இந்த நோயின் ஒரு பகுதியே. குரலை அடக்கும் மாத்திரை இதைப் பெரிதாகத் தொடுவதில்லை. சீட்டில் ட்ரைஹெக்சிபெனிடில் இருக்கிறதா பாருங்கள். மாத்திரையால் வரும் நடுக்கத்துக்குத் தருவது, ஆனால் நினைவை இன்னும் மந்தமாக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஆப் பற்றி ஐயா சொன்னது சரி. இந்த நோய்க்கான மூளைப் பயிற்சி பற்றிய 130 ஆய்வுகளை, 8,851 பேரை, சேர்த்துப் பார்த்து 2021இல் வந்த அலசலும் அதையே சொல்கிறது: பயிற்சி பெற்ற ஒருவர் கூட உட்கார்ந்து, "எப்படி ஞாபகம் வைத்தாய்?" என்று உத்தியைப் பேசவைத்து, அதை வேலை போன்ற அன்றாடத்தோடு கோத்தால் பலன் அதிகம். அதற்கு வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது உட்கார வேண்டும். நாங்கள் மாத்திரை தருவதோ மாதம் ஒருமுறை. இடிக்கிற இடம் இதுதான். கம்ப்யூட்டர் வாங்க நிதி கேட்டால் கிடைத்தாலும் கிடைக்கும், உட்கார ஆள் கேட்டுப் பாருங்கள்!

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில், நோய் தொடங்கிய புதிதில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே செய்யும் பயிற்சியைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். அந்த வழியை நம்பி நான் சொல்வது இது. ஆர்டரைத் திருப்பிச் சொல்லவையுங்கள், பிறகு எழுதவையுங்கள். முதலில் ஒரே டீ. தப்பு வராத அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பாருங்கள்.

தேனி அக்கா:
சீட்டில் அந்த மாத்திரை இருக்கிறது சார். வரும் செவ்வாய் கேட்கிறேன். சித்தப்பா மதியம் மூன்று மணிக்கு மேல் வரட்டும் என்றார். சட்டைப்பைக்குள் அடங்குகிற நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "கஸ்டமர் முன்னாடி எழுதினா சிரிப்பாங்களே அக்கா" என்கிறான். அதற்கு என்ன சொல்வது?

பதில் (ஒரு அப்பா):
ஹோட்டலில் எத்தனையோ சர்வர்கள் எழுதித்தானே எடுக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.