அப்பாவின் கட்டுரைகளை போனில் பிடிஎஃப் ஆக்கினால் படங்கள் வெள்ளையாக வருகின்றன, உதவுங்கள்

ஏரிக்கரை:
வணக்கம். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 76. எங்கள் ஊர் ஏரி, மதகு, கலிங்கு (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்தோடும் இடம்) பற்றியெல்லாம் வலைப்பூவில் பல வருஷம் எழுதியவர். இப்போது கம்ப்யூட்டர் முன்னால் அதிக நேரம் உட்கார முடியவில்லை, போனில்தான் படிக்கிறார். ஊர் வீட்டில் சிக்னல் கிடையாது. கட்டுரைகளை பிடிஎஃப் ஆக்கி அவர் போனில் போட்டுத் தரலாம் என்று ஆரம்பித்தேன்.

ஆண்ட்ராய்டு போன். குரோமில் மூன்று புள்ளி, ஷேர், பிரிண்ட், 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' என்று போகிறேன். கோப்பு வருகிறது. ஆனால் முதல் இரண்டு படம் தவிர மற்றதெல்லாம் வெள்ளைக் கட்டம். எழுத்தும் எறும்பு மாதிரி இருக்கிறது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டியிருக்கிறது. நீள ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் பார்த்தேன், எழுத்து மங்கிவிடுகிறது. 60 கட்டுரைக்கு மேல் இருக்கிறது. தீபாவளிக்கு அப்பாவுடன் ஊருக்குப் போவதற்குள் முடிக்கணும்.

தறிச்சத்தம்:
அக்கா, படம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பல பக்கங்களில் நாம் கீழே இறங்க இறங்கத்தான் படம் லோட் ஆகும். நீங்கள் மேலே இருக்கும்போதே பிரிண்ட் கொடுத்தால் கீழே உள்ள படங்கள் இன்னும் வந்திருக்காது. கடைசிப் படம் வரைக்கும் மெதுவாக ஒருமுறை தள்ளிப் பாருங்கள், எல்லாம் தெரிந்த பிறகு பிரிண்ட் கொடுங்கள்.

எழுத்து சிறிதாக இருப்பதற்குத் தாள்தான் காரணம். பிரிண்ட் திரையில் தாள் அளவு ஏ4 என்று இருக்கும். 21 சென்டிமீட்டர் அகலத் தாளை உள்ளங்கை அகலத் திரைக்குள் சுருக்கினால் எப்படித் தெரியும்? அங்கேயே ஏ5 அல்லது ஏ6 என்று மாற்றுங்கள். தாள் சிறிதானால் வரிகள் அதற்கேற்ப மடங்கி, திரையில் எழுத்து பெரிதாகத் தெரியும். பக்க எண்ணிக்கை கூடும், அப்பாவுக்கு அது தொல்லையாக இருக்காது. ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம், அது வெறும் படம்.

மல்லிப்பந்தல்:
வீட்டில் ஐபோன் இருந்தால் சஃபாரியில் ரீடர் (கட்டுரையை மட்டும் தனியாகக் காட்டும் வசதி) போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, ஷேரில் பிரிண்ட் கொடுங்கள். முன்னோட்டப் பக்கத்தை இரண்டு விரலால் விரித்தால் பிடிஎஃப் ஆகத் திறக்கும், அதை 'ஃபைல்ஸ்' செயலியில் சேமிக்கலாம்.

இன்னொன்று, தமிழ் பிடிஎஃப்பில் தேடலை முழுசாக நம்ப வேண்டாம். 'கோ' என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரைவதால், சில செயலிகள் அதைத் துண்டு துண்டாகத்தான் படிக்கின்றன. 'கோடை' என்று தேடினால் கண்ணெதிரே இருந்தும் கிடைக்காது. கோப்பின் பெயரிலேயே வருஷத்தையும் தலைப்பையும் தமிழில் எழுதி வையுங்கள். அப்பாவின் எழுத்துக்கு பிடிஎஃப் மட்டும் போதாது, வலைப்பூவின் அமைப்புகளில் 'பேக் அப்' (எல்லாப் பதிவுகளின் நகல்) இருந்தால் அதையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். இது ரொம்ப முக்கியம்.

ஏரிக்கரை:
இரண்டு பேருக்கும் மனசார நன்றி. நேற்று ராத்திரி 11 கட்டுரை முடித்தேன், எல்லாப் படமும் வந்துவிட்டது. ஏ6 அப்பா கண்ணுக்குச் சரியாக இருக்கிறது. ஏரி அளவுகள் போட்ட அட்டவணை மட்டும் ஏ6ல் வலது ஓரம் வெட்டுப்பட்டது, அந்த ஒரு கட்டுரைக்கு ஏ5 வைத்தேன். பேக் அப்பும் எடுத்தாயிற்று.

படித்தவுடனே அப்பா ஒரு பிழை கண்டுபிடித்துவிட்டார். 'கலிங்கு' என்பது ஓரிடத்தில் 'களிங்கு' என்று இருக்கிறதாம். வலைப்பூவில் திருத்தினால் சேமித்த பிடிஎஃப்பும் மாறுமா?

தறிச்சத்தம்:
மாறாது அக்கா. சேமித்த அன்று பக்கம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். அப்பாவை முதலில் எல்லாவற்றையும் படித்துத் திருத்தச் சொல்லுங்கள், பிறகு திருத்திய கட்டுரைகளை மட்டும் மறுபடி எடுத்தால் போதும்.

ஏரிக்கரை:
சரி தம்பி. சிவப்புப் பேனாவும் ஒரு நோட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.