அரசியல்வாதி கையில ட்ரெயினக் குடுக்கலாமா?

தக்கலைக்காரன்:
மக்கா, நேத்து இங்க பெரியவர் ஒருத்தர் அரசியல்வாதிய போக்குவரத்துக் கழகத்துக்குத் தலைவராப் போட்டா உருப்படாதுன்னு எழுதியிருந்தாரு, எனக்கு அது சரியாப் படல. சிகாகோல ஃபாரஸ்ட் கிளேபூல்னு ஒருத்தர், மேயர் டேலிக்கு ரெண்டு தடவ தலைமை உதவியாளர், அப்புறம் 2002லருந்து 2010 வரைக்கும் சிகாகோ இருக்குற குக் கவுண்டிங்குற மாவட்டத்துக்குப் போர்டு மெம்பர், அதே 2010ல சுயேச்சையா ஒரு எலெக்ஷன்ல நின்னு தோத்தவரு. 2011ல அடுத்து வந்த மேயர் இமானுவேல் இவரக் கொண்டு வந்து சிடிஏ தலைவராக்குனாரு, அந்த ஊரு பஸ்ஸும் மெட்ரோவும் சிடிஏ கையிலதான். அதுல ரெட் லைன்னு ஒரு மெட்ரோ தடம், அதோட தெற்குப் பாதை 1969ல போட்டது, தேஞ்சு போயி ட்ரெயின் ஊர்ந்துட்டு இருந்துச்சு. சனி ஞாயிறு மட்டும் வேல பாத்தா 4 வருஷம் இழுக்கும்னு, 2013 மே மாசம் மொத்தமா அடைச்சு அக்டோபர்லயே திறந்துட்டாரு. திட்டு வாங்கிப் பழகுன ஆளாலதான் அப்படி அடைக்க முடியும்.

வடசேரி கண்டக்டர்:
தம்பி அதை எழுதுனது நாந்தான். நேசமணி போக்குவரத்துக் கழகம்னு பேரு இருந்த காலத்துல சேந்தவன், பேரு மாறுனதையும் பாத்தாச்சு. மெட்ரோன்னா என்ஜினியர் ஸ்ரீதரனப் பாருங்க, கொங்கன் ரயில்வே, டெல்லி மெட்ரோ எல்லாம் முடிச்சுட்டுதான் 2021ல பாலக்காட்டுல எலெக்ஷன்ல நின்னாரு, தோத்தாரு. வேல தெரிஞ்சவரு அரசியலுக்குப் போனா கட்சிக்குதான் நஷ்டம், அரசியல்வாதி டிப்போவுக்கு வந்தா நட்டு போல்ட்டு வரைக்கும் நஷ்டம். உங்க கிளேபூல் டிக்கெட்டுக்குப் பதிலாக் கொண்டுவந்த வென்ட்ரா கார்டு என்னாச்சு? அதே 2013ல ஜனங்க கார்ட வச்சுக்கிட்டு வாசல்ல நின்னாங்கல்லா.

தக்கலைக்காரன்:
நின்னாங்க அண்ணாச்சி, ஒத்துக்கிடுதேன். ஆனா நவம்பர்ல பழைய கார்ட நிறுத்துறதத் தள்ளிவச்சு, சரி பண்ணுற வரைக்கும் கார்டு கம்பெனிக்குக் காசு கிடையாதுன்னு சொன்னதும் அவருதான்.

குளச்சல் கடலோரம்:
அடைச்சதப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும். எங்க ஊருப் பக்கம் பாலம் வேலன்னு ரோட்ட அடைச்சப்ப மாத்து பஸ்ஸே விடல, எங்க அம்மா மீன் கூடையத் தலையில வச்சுக்கிட்டு தெனமும் சந்தைக்கு நடந்தாவ, வெயில்ல மீனு கெட்டுப்போயி பாதி விலைக்குக் குடுத்துட்டு அழுதுட்டே வந்தத நான் பாத்திருக்கேன். சிகாகோலயும் அந்தத் தெற்குப் பக்கம் இருக்குறவங்க பெரும்பாலும் கறுப்பின மக்கள், அவங்க பாதையத்தான் அடைச்சாங்க. அவங்களுக்கு என்ன செஞ்சாரு, அதச் சொல்லு.

தக்கலைக்காரன்:
ஃப்ரீயா ஷட்டில் பஸ் விட்டாங்க மக்கா, ரெட் லைன் ட்ரெயினப் பக்கத்து கிரீன் லைன் தண்டவாளத்துல திருப்பிவிட்டாங்க, அந்த கிரீன் லைன் கார்ஃபீல்டு ஸ்டேஷன்ல டிக்கெட் காசே வாங்கல.

குளச்சல் கடலோரம்:
அப்போ அடைச்சது தப்பில்ல. எங்க அம்மாவுக்கு ஒரு பஸ் விட்டிருந்தா நாங்களும் வாயத் தொறந்திருக்க மாட்டோம்.

வடசேரி கண்டக்டர்:
அந்த மாத்து பஸ் ஏற்பாடு நல்ல வேலதான், அதுல எனக்குத் தகராறு இல்ல. ஆனா மிச்சக் கதையையும் எழுதுங்க தம்பி. 2015ல அதே மேயர் அவரத் தூக்கி ஊரு பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் தலைவராப் போட்டாரு, அங்க ஒரு விசாரணைல உண்மையச் சொல்லலன்னு அறிக்கை வந்து 2017 டிசம்பர்ல ராஜினாமா. ட்ரெயினு, பள்ளிக்கூடம்னு மேயரு ஒருத்தரு நம்பிக்கைய மட்டும் வச்சு ஆளத் தூக்கித் தூக்கிப் போட்டா, அவரு மேயருக்குப் பதில் சொல்லுவாரா, டிக்கெட் எடுத்தவனுக்குச் சொல்லுவாரா?

தக்கலைக்காரன்:
பள்ளிக்கூட விஷயத்துல அவருக்காக நான் பேச மாட்டேன் அண்ணாச்சி. ரெட் லைனுக்கு மட்டும் பேசுவேன்.