335ஐ செடானுக்குப் பெரிய பிரேக் கிட்: நாலு பிஸ்டனா, ஆறு பிஸ்டனா? உதவி தேவை

வளைவுப்பிரியன்:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி பிஎம்டபிள்யூ 335ஐ, இ90 செடான், மேனுவல் கியர். இன்ஜினில் மென்பொருள் ட்யூன் மட்டும் செய்திருக்கிறேன். தினமும் ஓட்டுவது இதுதான், அவ்வப்போது டிராக்குக்கும் போகும்.

டிராக்கில் சில சுற்று இழுத்து ஓட்டியதும் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்க ஆரம்பிக்கிறது. ஆறவிட்டு எடுத்தால் ஓரளவு திரும்பி வருகிறது, ஆனால் காலையில் இருந்த கெட்டி இல்லை. போதாக்குறைக்கு, 120 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க் கோணிவிட்டது என்று நினைக்கிறேன்.

எப்படியும் டிஸ்க் மாற்ற வேண்டும், அதோடு பெரிய கிட்டே போட்டுவிடலாம் என்று மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன்:

அ) பிஎம்டபிள்யூவின் சிறிய மாடலான 135ஐயின் ஆறு பிஸ்டன் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), அதற்கான டிஸ்க்குடன்.
ஆ) 380×32 (விட்டம், தடிமன், மி.மீ.யில்) டிஸ்க், ஆறு பிஸ்டன் கிட். பிஸ்டன் 30, 34, 38 மி.மீ.
இ) 355×32 டிஸ்க், நாலு பிஸ்டன் கிட். பிஸ்டன் 38, 42 மி.மீ.

ரிம் 18 அங்குலம். மனசு ஆறு பிஸ்டன் பக்கம்தான் சாய்கிறது. எதை எடுக்கலாம்?

டர்போதம்பி:
ப்ரோ, இதுல யோசிக்க என்ன இருக்கு? 380 போடுங்க, ரிம்மை 19 ஆக்குங்க. ஸ்போக்குக்கு நடுவுல அந்தச் சிவப்பு காலிப்பர் தெரிஞ்சா வண்டியோட லுக்கே வேற.

இரும்புத்தட்டு:
கிட் பக்கம் போகுமுன் நாலு கேள்வி. பிரேக் ஆயில் என்ன கிரேடு, கடைசியாக எப்போது மாற்றியது? பேட் என்ன? பெடல் ஆழமாக இறங்குகிறதா, அல்லது கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்க மறுக்கிறதா? இரண்டாவது தடவை சட்டென்று மிதித்தால் பெடல் மேலே வருகிறதா?

வளைவுப்பிரியன்:
ஆயில் டாட் 4. வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவில்லை, இரண்டு வருடம் தாண்டியிருக்கும். பேட் கம்பெனி பேட்தான். பெடல் நிச்சயமாக இறங்குகிறது, பஞ்சை மிதிப்பது போல. இரண்டு தடவை பம்ப் செய்தால் மேலே வருகிறது.

இரும்புத்தட்டு:
அப்படியானால் உங்கள் காலிப்பரைக் குறை சொல்ல இன்னும் ஆதாரம் இல்லை. ஆயில் கொதிக்கிறது.

டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தர விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. இரண்டு வருடம் கடந்த ஆயில் எந்தப் பக்கம் நெருங்கியிருக்கும் என்று யூகித்துக்கொள்ளுங்கள். காலிப்பருக்குள் ஆவிக்குமிழ் உண்டானால், நீங்கள் மிதிப்பது அந்தக் குமிழை அமுக்குவதற்கே சரியாகப் போய்விடும். அதனால்தான் பெடல் இறங்குகிறது, பம்ப் செய்தால் ஏறுகிறது. ஆறிய பிறகும் பழைய கெட்டி வராததற்குக் காரணம் ஒருமுறை கொதித்த ஆயில். வெளியேற்றாமல் சரியாகாது.

பேட் தோற்றுப்போனால் கதை வேறு. பெடல் கல் மாதிரி நிற்கும், வண்டி நிற்காது. உங்கள் கம்பெனி பேட்டும் அந்த வெப்பத்தில் சீக்கிரம் கையை விரிக்கும். இப்போது ஆயில் முந்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பெரிய பிரேக் கிட் போட்டால் வண்டி குறைந்த தூரத்தில் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இப்போதைய பிரேக்கிலேயே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது அல்லவா? அந்த இடத்தில் டயரின் பிடிதான் எல்லை. அதற்கு மேல் பிரேக் எவ்வளவு பலமாக இருந்தாலும் பயன் இல்லை. கிட் வாங்குவது வெப்பத்துக்காக, அதாவது பத்தாவது பிரேக்கும் முதல் பிரேக் மாதிரியே இருப்பதற்காக.

கிரீஸ்கை:
ஸ்டீயரிங் நடுக்கத்துக்கு நான் சொல்றேன் தம்பி. டிஸ்க் கோணிப்போச்சுன்னு வர்ற வண்டியில பெரும்பாலானது கோணியிருக்காது. சூடான பேட்டோட பொருள் டிஸ்க் மேல திட்டுத்திட்டா ஒட்டியிருக்கும். டிராக்கை விட்டு வெளிய வந்து, கொதிக்கிற பிரேக்கை அழுத்திப் பிடிச்சபடி வண்டியை நிறுத்துவீங்கல்ல, அப்ப பேட் அப்பின இடம் அப்படியே பதிஞ்சிடும். நிறுத்தும்போது கியர்ல போடுங்க, சக்கரத்துக்குக் கட்டை வைங்க, பிரேக்ல இருந்து காலை எடுங்க. ஹேண்ட்பிரேக்கும் வேண்டாம்.

ஹப் முகத்துல துரு இருந்தாலும் இதே நடுக்கம் வரும். டிஸ்க்கைக் கழட்டி, ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, டயல் கேஜ் வச்சு டிஸ்க் சுத்தும்போது ஆடுதான்னு பாருங்க. இதைப் பாக்காம புது டிஸ்க் போட்டா, கொஞ்ச நாள்ல அதே நடுக்கம் மறுபடி வந்து நிக்கும்.

டர்போதம்பி:
சரி, ஆயில் பேட் எல்லாம் மாத்தட்டும். ஆனா ட்யூன் போட்ட வண்டி, கம்பெனி பிரேக் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அப்ப 135ஐ காலிப்பர் நல்ல சாய்ஸ்தானே? ஆறு பிஸ்டன், கம்பெனி பாகம், விலையும் கிட் அளவுக்குப் போகாது.

மௌனமான்:
135ஐ விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 335ஐ முன் டிஸ்க் 348×30. 135ஐ முன் டிஸ்க் 338×26. விட்டமும் குறைவு, தடிமனும் குறைவு. பின்பக்கமும் விட்டம் குறைவு: 336×22க்குப் பதில் 324×22. பிஸ்டன் எண்ணிக்கை ஏறுகிறது, வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இரும்பு குறைகிறது. நிலையான காலிப்பர் (இரு பக்கமும் பிஸ்டன் உள்ளது) என்பதால் பெடல் உணர்வு கூர்மையாக இருக்கும், பேட் மாற்றுவதும் எளிது, அதை மறுக்கவில்லை. ஆனால் வளைவுப்பிரியனின் சிக்கல் சூடு. அதற்கு இது தலைகீழ் மருந்து.

வளைவுப்பிரியன்:
இது எனக்குப் புதுச் செய்தி! பட்டியலில் இருந்து அ) போய்விட்டது. டிஸ்க் எடை உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

இரும்புத்தட்டு:
கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆளோடு சேர்த்து வண்டி 1700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்பாதை முடிவில் 200இலிருந்து 80 கி.மீ.க்கு இறக்குகிறீர்கள். பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 2.2 மெகாஜூல். இதில் 70 சதவீதம் முன்பக்கம் போவதாகக் கொண்டால், ஒரு முன் டிஸ்க்குக்கு 0.77 மெகாஜூல். டிஸ்க்கில் 10 கிலோ இரும்பு இருந்தால் அந்த ஒரே பிரேக்கில் சுமார் 150 டிகிரி ஏறும். 12 கிலோ இருந்தால் 130க்குச் சற்றுக் கீழே. ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், மறுபடி ஏறும். சுற்றுக்குச் சுற்று இந்த 20 டிகிரி வித்தியாசம் குவிவதுதான் உங்கள் தலைவலி.

கிட் டிஸ்க் இரண்டு துண்டாக, அலுமினியத் தொப்பியில் இரும்பு வளையம் மாட்டியதாக வரும். மொத்த எடையைப் பழைய ஒற்றைத்துண்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். வளையத்தின் எடையைத் தனியாகக் கேளுங்கள். வளையம் சூட்டில் விரிய இடம் இருப்பதால் கிண்ணம் போல வளைவதும் குறையும். தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். துளை போட்ட வளையம் டிராக்குக்கு வேண்டாம், துளையிலிருந்து விரிசல் ஓடும். கீறல் போட்டது போதும்.

மௌனமான்:
இப்போது ஆ)வுக்கும் இ)க்கும் வருவோம். கிட் தேர்வில் கேட்க வேண்டிய கேள்வி பிஸ்டன் எத்தனை என்பதல்ல, மொத்தப் பரப்பு எவ்வளவு என்பது.

உங்கள் வண்டியில் இருப்பது ஒரு பக்கம் மட்டும் ஒற்றை 57 மி.மீ. பிஸ்டன் கொண்ட மிதக்கும் காலிப்பர். பரப்பு 2552 சதுர மி.மீ. நிலையான காலிப்பரில் ஒரு பக்கப் பிஸ்டன்களை மட்டும் கூட்டி இதோடு ஒப்பிட வேண்டும்.

இ): 38க்கு 1134, 42க்கு 1385. கூட்டினால் 2519.
ஆ): 30, 34, 38 மூன்றும் சேர்ந்து 2749.

இதை டிஸ்க்கின் செயல் ஆரத்தோடு (மையத்திலிருந்து பேட்டின் நடுப்பகுதி வரை உள்ள தூரம்) பெருக்க வேண்டும். பேட் உயரம் 50 மி.மீ. என்று எடுத்தால் இப்போது 149 மி.மீ., 355 டிஸ்க்கில் 152.5, 380இல் 165. ஆகவே ஒரே அழுத்தத்தில் முன்பக்கப் பிரேக் விசை இ)யில் 1 சதவீதம்தான் கூடுகிறது. ஆ)வில் 19 சதவீதம்!

கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். பின் பிரேக் பழையபடியே இருக்கிறது. முன் சக்கரம் முந்திக்கொண்டு ஏபிஎஸ் எல்லையைத் தொடும், பின் டயர் தன் பங்கைச் செய்யாமல் சும்மா உருளும். நிற்கும் தூரம் கூடவும் வாய்ப்பு உண்டு. பரப்பு கூடுவதால் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தும் சிலிண்டர்) தள்ள வேண்டிய ஆயிலும் கூடுகிறது, பெடல் இன்னும் கொஞ்சம் நீளும். நீளமான பெடலுக்காகக் கிட் தேடி, அதைவிட நீளமான பெடலை வாங்குவானேன்? 380தான் வேண்டும் என்றால், அதே தயாரிப்பாளர் சின்ன பிஸ்டனுடன் தருகிறாரா என்று கேளுங்கள். பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் ஒரே காலிப்பரை வெவ்வேறு பிஸ்டன் அளவில் தருவது வழக்கம். அளவைச் சொல்லத் தயங்கும் விற்பனையாளரை விட்டுவிடுங்கள்.

கிரீஸ்கை:
தினசரி ஓட்டற வண்டின்னு சொன்னீங்க. பிஸ்டனுக்குத் தூசி ரப்பர் இருக்கான்னு பாருங்க. பந்தய காலிப்பர்ல அது இருக்காது. மழையும் மண்ணும் பிஸ்டன் ஓரத்துல ஏறி சீலை அறுத்துடும், அடிக்கடி பிரிச்சுச் சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்கணும். அப்புறம், பேட் வடிவம் பரவலா கிடைக்கறதான்னும் கேளுங்க. அந்த ஒரு கம்பெனியே செஞ்சு தர்ற பேட்னா மாட்டிக்குவீங்க.

பேர்போன காலிப்பர்களோட போலி நிறைய சுத்துது. எழுத்து, பெயின்ட் எல்லாம் அச்சு அசலா இருக்கும், உள்ள இருக்கற உலோகம் யாருக்குத் தெரியும். பிரேக்ல இந்த விளையாட்டு வேண்டாம்.

டர்போதம்பி:
சரி சரி, 380ஐ வாபஸ் வாங்கறேன் 😄 355 அந்த 18 ரிம்முக்குள்ள போகுமா?

மௌனமான்:
விட்டம் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. காலிப்பரின் தோள் ரிம் குழலில் (ரிம்மின் உருளையான உட்பக்கம்) இடிக்கலாம், முகம் ஸ்போக்கில் இடிக்கலாம். தயாரிப்பாளர் தரும் வரைபடத்தை அளவு மாறாமல் அச்செடுத்து, கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டி, டயர் இல்லாத ரிம்மின் உள்ளே சுற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் 3 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். பேலன்ஸ் எடை உள்பக்கம் ஒட்டியிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். ஸ்போக் இடித்தால் ஸ்பேசர் உதவும். குழல் இடித்தால் எதுவும் உதவாது, ரிம்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, பின்பக்கத்தையும் பாருங்கள். 335ஐயில் டிஃபரன்ஷியல் (இரு பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பாகம்) திறந்த வகை, ஒரு சக்கரம் வீணாகச் சுழன்றால் அது தடுக்காது. உள்பக்கப் பின் சக்கரம் சுழன்றால் வண்டி அந்தப் பிரேக்கைத் தானாகவே பிடித்து மறுபக்கம் விசையை அனுப்பும். டிஎஸ்சியை (வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) அணைத்தாலும் இந்த வேலை நடக்கும். நீங்கள் பெடலைத் தொடாதபோதே பின் பிரேக் வேகிறது. பின் பேட் முன்பேட்டுக்கு முன்னால் தீர்ந்தால் காரணம் இதுவே. முன்பக்கம் எவ்வளவு பெரிய கிட் போட்டாலும் இது தீராது.

வளைவுப்பிரியன்:
செய்தது இவ்வளவு. ஆயிலை முழுவதும் வெளியேற்றி 312 டிகிரி கொதிநிலை உள்ள மோட்டுல் ஆர்பிஎஃப் 600 ஊற்றினேன். நாலு பக்கமும் டிராக் பேட். ஹப்பில் துரு இருந்தது, சுத்தம் செய்து புது டிஸ்க் போட்டு, பேட்டை முறையாகப் பழக்கினேன். நடுக்கம் இல்லை. பெடலும் நாள் முழுக்க இறங்கவில்லை.

ஆனால் டிஸ்க் ஓரத்தில் வெப்பப் பெயின்ட் பூசி ஓட்டினேன்: 430க்குப் பச்சை, 560க்கு ஆரஞ்சு, 610க்குச் சிவப்பு. முன்பக்கம் மூன்றுமே நிறம் மாறிவிட்டன. பின்பக்கம் பச்சை மட்டும். முன் டிஸ்க்கில் மெல்லிய வெடிப்புக் கோடுகளும் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. பின் பேட் சீராகத்தான் தேய்கிறது.

இரும்புத்தட்டு:
இப்போதுதான் கிட்டுக்குக் காரணம் கிடைத்திருக்கிறது. 610ஐத் தாண்டும் டிஸ்க்குக்கு இன்னும் இரும்பும் காற்றும் வேண்டும். இ)யை எடுங்கள். முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுக் கண்ணுக்குக் காற்றுக் குழாய் இழுக்க முடிந்தால் அதையும் செய்யுங்கள். நடுவில் ஊதினால் காற்று டிஸ்க்கின் உள்ளே இருக்கும் இறக்கைகள் வழியே வெளியேறும். டிஸ்க்கின் ஒரு முகத்தில் மட்டும் ஊதினால் ஒரு பக்கம் ஆறி, மறுபக்கம் வேகும்.

கிரீஸ்கை:
மாட்டும்போது கவனிக்க வேண்டியது: ஏர் எடுக்கற நிப்பிள் மேல பாத்து இருக்கணும். கீழ பாத்தா இடது வலது மாத்தி மாட்டிட்டீங்கன்னு அர்த்தம், எத்தனை தடவை ப்ளீட் பண்ணாலும் காத்து போகாது. டிஸ்க் உள்ள நுழையற பக்கம் சின்ன பிஸ்டன் வரணும், இல்லன்னா பேட் சாய்வா தேயும். உள் இறக்கை வளைஞ்ச டிஸ்க்னா இடது வலது தனித்தனி. மேல உள்ள கீறலைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, இறக்கை பின்னோக்கிச் சாயணும். போல்ட்டை டார்க் ரெஞ்ச் வச்சு, கிட்டோட தாள்ல போட்ட அளவுக்கு முறுக்குங்க. டேங்க்ல ஆயில் வத்த விடாதீங்க. டிஎஸ்சி யூனிட்டுக்குள்ள காத்து ஏறிட்டா ஸ்கேனர் வச்சுத்தான் எடுக்கணும்.

வளைவுப்பிரியன்:
அட்டை வெட்டிப் பார்த்தாயிற்று. குழலில் 5 மி.மீ. இருக்கிறது, ஸ்போக்கில் 3க்குக் கொஞ்சம் மேல். இ)க்கு ஆர்டர் போட்டுவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: கிட் பேட்டில் தேய்மான சென்சாருக்கு இடம் இல்லையாம். விளக்கு எரிந்துகொண்டே இருக்குமா?

கிரீஸ்கை:
இ90ல முன் இடதுலயும் பின் வலதுலயும்தான் சென்சார். முன் சென்சாரோட நுனியை பேட்ல சொருகாம, தேயாம இருந்தா விளக்கு எரியாது. நல்ல சென்சாரையே சூடு படாத இடத்துல ஒயர் டை போட்டுக் கட்டிடுங்க, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி எங்கயும் உரசலைன்னு பாத்துட்டு. ஆனா அதுக்கப்புறம் முன் பேட் தீந்தா வண்டி சொல்லாது. ஒவ்வொரு டிராக் நாளுக்கும் முன்னாடி கண்ணால பாத்துக்கறது உங்க வேலை.